எந்த இரண்டை மாற்றினாலும்

மிச்சமிருக்கும் ஊசி மருந்தை நாளைக்கே கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று டாக்டர் ஐவின் சொன்னபோது, வாஃபிள் அப்பத்தின்மேல் பழுப்புச் சீஸை வைத்துக்கொண்டிருந்த தலைமை நர்ஸ் யோருனின் கை அப்படியே நின்றுவிட்டது.

"ஊசி போட்டவங்கதான் அதிகமா செத்திருக்காங்க, சிஸ்டர். நம்ம பொணங்கள எண்ணிப் பாக்கத்தான் டோர்டிஸ் ஓஸ்லோவுலேர்ந்து ரயிலேறி வந்திருக்காங்க."

எதிரே இருந்த புள்ளிவிவரக் கணக்குக்காரி டோர்டிஸ் சிரிக்கவில்லை. "நான் எண்ணினா யாரும் எழுந்து வரப்போறதில்ல, ஐவின்," என்றாள்.

அது ஒரு மருந்துச் சோதனை. மாரடைப்போடு வருகிறவர்களில் யாருக்குப் புது ஊசி, யாருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் என்பதைச் சீட்டுதான் தீர்மானிக்க வேண்டும். டோர்டிஸ் குலுக்கி, உறையிலிட்டு ஒட்டி, அடுக்கி அனுப்பிய சீட்டுகள். ஆள் வர வர மேலிருந்து ஓர் உறையைப் பிரிக்க வேண்டியது யோருனின் வேலை. உறையோ மெல்லியது, விளக்குக்கு நேரே பிடித்தால் உள்ளே இருக்கும் எழுத்து தெரிந்தது. படகோட்டி தோர்லைவ் முகமெல்லாம் சாம்பலாகி வந்து சேர்ந்த அன்று, மேலுறையில் ஊசி இல்லை என்று கண்டவள், அடுத்த உறையை உருவி அவன் பெயரை எழுதினாள். மேலுறை, அவனுக்கு அடுத்ததாக நடந்தே வந்து வார்டுச் சாப்பாட்டைக் கேலி பேசிய பள்ளி ஆசிரியர் ஆஸ்லாவுக்குப் போயிற்று. அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. தப்பு என்று ஒருநாளும் அவள் மனசில் உறைக்கவில்லை. தோர்லைவ் அந்த வாரமே செத்துப்போனான். ஆஸ்லாவ் இப்போதும் பனிச்சறுக்குக் கட்டையில் பள்ளிக்கூடம் போகிறார்.

வாயை மூடிக்கொண்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அவள் நம்பிய மருந்து, கொலைகாரப் பட்டத்தோடு ஊர் திரும்பும். ஐவின் வார்டைப் பார்க்க எழுந்து போனதும் டோர்டிஸிடம் சொல்லிவிட்டாள். டோர்டிஸ் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"மோசமா இருந்தவங்களுக்கெல்லாம் ஊசி போற மாதிரி மாத்தினீங்களா?"

"கட்டுல எத்தனை ஊசிச் சீட்டு இருந்துச்சோ அத்தனைதான் குடுத்தேன். ஒண்ணு கூட்டல, குறைக்கல. நீங்கதானே அன்னிக்குச் சொன்னீங்க, எந்த ரெண்டு உறைய இடம் மாத்தி வச்சாலும் எல்லாம் ஒண்ணுதான்னு?"

"கண்ண மூடிட்டு மாத்தினா ஒண்ணுதான், யோருன். நீங்க உறையையும் பாத்திருக்கீங்க, ஆளையும் பாத்திருக்கீங்க."

"கண்ணு முன்னால மூச்சுக்குத் தவிக்கிறவன எப்படிப் பாக்காம இருக்கிறது? உங்க மேசைக்கு வெறும் நம்பர்தானே வருது."

டோர்டிஸ் கோப்பையை ஓரமாகத் தள்ளினாள்.

"அப்ப, ஊசி அவங்கள கொல்லலதானே?" யோருனின் குரல் இறங்கியிருந்தது. "சாகக் கெடந்தவங்களுக்குப் போட்டதாலதானே அப்படி ஆச்சு?"

"இருக்கலாம். இல்ல, ஊசியே கொன்னிருக்கலாம். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆளுங்க இருந்திருந்தா நான் சொல்லியிருப்பேன். இனிமே யாராலயும் சொல்ல முடியாது."

உறைக்குள் எது இருந்தது என்று பார்த்தவள் யோருன் ஒருத்திதான். தோர்லைவைக் காப்பாற்றப் பார்த்தாளா, ஆஸ்லாவுக்கு வந்திருக்க வேண்டிய சாவை எடுத்து அவன் கையில் கொடுத்தாளா என்பது மட்டும் அவளுக்கும் தெரியவில்லை.

வெளியே தள்ளுகட்டில் ஓடிவரும் சத்தம். மீன் ஆலைக்காரன் ஒருவன், பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை, உதடு நீலம் பாரித்திருந்தது. ஐவின் திருப்பி அனுப்ப எடுத்த மருந்துக் குப்பியோடு வாசலில் நின்று இரு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். உறைகளை மாற்றியதை யோருன் இரண்டே வரியில் சொன்னாள்.

"அப்ப இவருக்குப் போடவா, வேணாமா?" என்றார் அவர்.

டோர்டிஸ் தலையைக் குனிந்துகொண்டாள். யோருன் அந்த நீல உதட்டையே பார்த்தாள்.

கட்டிலில் கிடந்தவன் குப்பியைக் கண்டுவிட்டு, செதில் ஒட்டிய விரல்களால் தன் கம்பளிச் சட்டையின் கையை மெல்ல மேலே சுருட்டத் தொடங்கினான்.