கப்டன் எழுதாத பரீட்சை

குடியுரிமைக்கு விண்ணப்பிக்கத் தேவையான இத்தாலிய மொழிப் பரீட்சையில் கிளறா சித்தியடைந்தாள். அவளுடைய கணவன் அகஸ்ரின் பெயில். அவன் ஆறு வருடம் இத்தாலி நாட்டுக் கிரிக்கெட் அணியின் கப்டனாக இருந்தவன்.

பெறுபேறு வந்த காலையில் அகஸ்ரின் பலெர்மோவின் நடுவில் ஓர் அடுக்குமாடியின் படிகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். கைபேசியில் தன் பெயரைப் பார்த்ததும் வாளியை ஓரமாக வைத்துவிட்டு மூன்றாம் மாடிப் படியில் உட்கார்ந்தான். ஒரு வயதான அம்மா நாயோடு இறங்கி வந்தபோது எழுந்து வழிவிட்டான். வழக்கம்போலச் சிரித்தும் வைத்தான்.

பெயிலாகும் என்று அவனுக்கு முன்பே தெரியும். எழுத்துப் பரீட்சையை எப்படியோ ஒப்பேற்றியிருந்தான். வாய்மொழிப் பரீட்சைதான் அவனைக் கவிழ்த்தது. ஓய்வு பெறும் வயதிலிருந்த ஓர் ஆசிரியை, பிடித்த ஏதாவது ஒன்றைப் பற்றிப் பேசும்படி கேட்டாள். கிரிக்கெட் விளையாடுவேன், இத்தாலியின் கப்டனாக இருந்தேன் என்றான் அகஸ்ரின். ஆசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். அவளுக்கு உண்மையாகவே சந்தோசம். அந்த விளையாட்டைப் பற்றித் தனக்கு ஒன்றுமே தெரியாது, ஆறுதலாக விளங்கப்படுத்துங்கள் என்றாள்.

பதினொரு பேரை ஒரு கண்ணசைவில் மைதானமெங்கும் நிறுத்தத் தெரிந்தவன் அவன். எந்தப் பந்துவீச்சாளனுக்கு எப்போது களைக்கும் என்று அவனுக்கு முன்பே தெரிந்துவிடும். அது எல்லாம் தலைக்குள் இருந்தது. வாயால் வந்ததோ பந்து, மரம், ஓடுவது, பிறகு திரும்பி ஓடுவது என்பதுதான். எதற்காக ஓடுகிறார்கள் என்று ஆசிரியை கேட்டாள். அவன் மேசையைப் பார்த்தான். அவள் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. போதும், நன்றி என்று மெல்லச் சொல்லிவிட்டு, அவனுடைய முகத்தைப் பார்க்காமல் எதையோ எழுதினாள்.

மன்னாரிலிருந்து பத்தொன்பது வயதில் வந்தவன் அகஸ்ரின். ஃபவோரித்தா பூங்காவில் ஞாயிறு பின்னேரங்களில் ரெனிஸ் பந்தில் விளையாடத் தொடங்கினான். வடக்கே ஒரு கழகம் கூப்பிட்டது. கப்பலிலும் ரெயிலிலுமாகப் போய் வந்தான். முப்பது வயதில் நாட்டின் நீலச் சட்டை கிடைத்தது, அடுத்த வருடமே கப்டன் பதவியும் கிடைத்தது. ஒரு நாட்டில் சில வருடம் தொடர்ந்து குடியிருந்தால் அந்த நாட்டுக்காகக் கிரிக்கெட் விளையாடலாம், பாஸ்போர்ட் தேவையில்லை. விமான நிலையங்களில் அவனுடைய பெடியன்கள் ஐரோப்பியருக்கான வரிசையால் போய்விடுவார்கள். கப்டன் மற்ற வரிசையில் நிற்பான். எதற்காக வந்தாய் என்று கேட்கும் அதிகாரியிடம், இத்தாலிக்காக விளையாட என்பான். அதிகாரி சிறீலங்காப் பாஸ்போர்ட்டையும் நீலச் சட்டையையும் மாறி மாறிப் பார்ப்பார்.

மைதானத்தில் இத்தாலிய மொழி தேவைப்படவில்லை. அணியில் சிங்களமும் பஞ்சாபியும் ஆங்கிலமும்தான் ஓடின. தேசிய கீதத்தை, பொருள் தெரியாத பூசைப் பாட்டைப் போலப் பாடமாக்கி வைத்திருந்தான். வேலை செய்த இடங்களில் அவன் பேச வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, சொன்னதை விளங்கிக்கொண்டால் போதும். குவெஸ்தூரா எனும் பொலிஸ் அலுவலகத்தில் பெர்மெஸ்ஸோவை, அதாவது வதிவிட அனுமதியை, புதுப்பிக்கிற நாட்களில் மகள் கேசிகாதான் அவனுக்காகப் பேசினாள். ஏழு வயதிலேயே கவுண்டருக்கு எட்டாத உயரத்தில் நின்று தகப்பனின் தொழில், சம்பளம், விலாசம் எல்லாம் சொல்லுவாள்.

கிளறாவின் கதை வேறு. அவள் வேலை செய்த வீட்டுச் சின்யோரா வாய் ஓயாதவள், விதவை. கிளறா துணி மடிக்கும்போதும் மரக்கறி வெட்டும்போதும் பக்கத்தில் இருந்து கதைத்துக்கொண்டே இருப்பாள். பதில் சொல்லாமல் அந்த வீட்டில் இருக்க முடியாது. அப்படியே கிளறாவுக்கு மொழி வந்துவிட்டது.

பெறுபேறு வந்த அன்று பின்னேரம் கிளறா கொண்டாடுவதற்கு ஒரு பெட்டி அரஞ்சினி, பொரித்த சோற்றுருண்டைகள், வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அகஸ்ரினின் முகத்தைக் கண்டதும் பெட்டியை அடுப்படியில் வைத்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோலச் சோற்றுக்கு அரிசி கழுவினாள். அவள் தன் சந்தோசத்தை ஒளிக்கிறாள் என்று அவனுக்கு விளங்கியது. அதை அவள் ஒளிக்கட்டும் என்றுதான் அவனுக்கும் இருந்தது.

"அடுத்த முறை எடுத்திடுவன்," என்றான். "அவசரப்பட்டு நீர் மட்டும் விண்ணப்பம் போட வேண்டாம். ரெண்டு பேரும் ஒண்டாப் போடுவம்."

"ஓம், நீங்கள் இல்லாமல் நான் மட்டும் போட்டு என்ன செய்யிறது," என்றாள் கிளறா.

அவள் இப்படித்தான் சொல்லுவாள் என்று தெரிந்துதான் அவன் அதைச் சொன்னான். தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்கு வருகிற சனத்தின் வாய் அவனுக்குத் தெரியும். கப்டன் வீட்டில் மனுசி இத்தாலியன், கப்டன் இன்னும் பெர்மெஸ்ஸோவோடு என்று சோதிலிங்கம் ஒருவனே ஊர் முழுக்கச் சொல்லி முடித்துவிடுவான். தாயோ தகப்பனோ குடியுரிமை எடுத்தால் கூட இருக்கும் பதினெட்டு வயதாகாத பிள்ளைக்கும் அது கிடைத்துவிடும் என்பது இருவருக்கும் தெரியும். அன்று இருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

அகஸ்ரின் மறுபடி பரீட்சை எழுதவில்லை. கோடையில் மொண்டெல்லோக் கடற்கரை உணவகத்தில் வேலை கூட என்றான். மாரியில் திகதி கிடைக்கவில்லை என்றான். ஒருமுறை பெயர் பதிவதற்குப் போய், வாசலில் கைக்குழந்தையோடு நின்ற கானா நாட்டுப் பெண்ணையும் புத்தகத்தை மடியில் வைத்து முணுமுணுத்துக்கொண்டிருந்த பெடியனையும் கண்டு, திரும்பிப் பூங்காவுக்குப் போய் வாங்கில் இருந்துவிட்டு வந்தான். இடம் நிரம்பிவிட்டதாம் என்று கிளறாவிடம் சொன்னான். இரண்டு வருடம் போனது. கிளறாவின் சான்றிதழ் அலுமாரியில் ஞானஸ்நானக் கடதாசிகளோடு கிடந்தது.

கேசிகாவுக்குப் பதினைந்து வயதாகியிருந்தது. தகப்பனைப் போலவே இடக்கைத் துடுப்பாட்டக்காரி. பிறின்ஸ்தான் அவளுக்குப் பயிற்சி கொடுத்தான். அகஸ்ரினின் அணியில் உபகப்டனாக இருந்தவன், பிறகு அவனுடைய இடத்துக்கே கப்டனாக வந்தவன், இப்போது பெண்பிள்ளைகளின் அணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கோடையில் அணி இங்கிலாந்துக்குப் போக இருந்தது.

ஒரு ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து கோவில் முற்றத்தில் நின்றபோது பிறின்ஸ் அவர்களிடம் வந்தான்.

"அக்கா, கேசிகாவின்ரை முழங்கால் இப்ப எப்பிடி?"

"என்ன முழங்கால்?" என்றாள் கிளறா.

பிறின்ஸ் குழம்பிப்போய் அகஸ்ரினைப் பார்த்தான். முழங்கால் நோகிறது, டொக்டர் ஓடக்கூடாது என்கிறார், இங்கிலாந்துக்கு வரமாட்டேன் என்று அவள் செய்தி அனுப்பியிருந்தாளாம். பக்கத்தில் நின்ற சோதிலிங்கம் விடவில்லை.

"கப்டன்ரை பிள்ளையெல்லோ. முழங்காலும் சீதனமா வந்திருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். அகஸ்ரினும் சிரித்தான்.

அவனுடைய முழங்கால் கதை அந்த முற்றத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. ஏழு வருடத்துக்கு முன் இங்கிலாந்தில் நடந்த பெரிய போட்டிக்கு அவன் போகவில்லை. முழங்கால் சவ்வு கிழிந்துவிட்டது என்று ஒதுங்கிக்கொண்டான். பிறின்ஸ் அணியைக் கொண்டுபோய் வென்று வந்தான். அத்தோடு அகஸ்ரினின் விளையாட்டு வாழ்க்கை முடிந்தது. கிழிந்தது ஒன்றுமில்லை. அவனுக்கு விசா கிடைக்கவில்லை, படி துடைக்கிற சம்பளம் போதாது என்று கடிதம் வந்தது. ஒரு நாட்டின் கப்டன் அதை எப்படி வெளியில் சொல்லுவான்? கிளறாவுக்கு மட்டும் சொன்னான். அவள் முழங்காலுக்குத் துணி சுற்றிவிட்டாள்.

இருவரும் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார்கள். கேசிகா கட்டிலில் படுத்து, காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு கைபேசி பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல முழங்கால்கள் இரண்டும் நேராக நின்றன. கிளறா கட்டில் விளிம்பில் இருந்தாள். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டாள்.

கேசிகா ஒளிக்கவில்லை. மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் இத்தாலியன் பாஸ்போர்ட். தனக்கு மட்டும் விசா எடுக்க வேண்டும், அதற்கு ரோமுக்குப் போக வேண்டும், அப்பாவின் சம்பளக் கடதாசியை எல்லோருக்கும் காட்ட வேண்டும், கடைசியில் இல்லை என்பார்கள். அதைவிட முழங்கால் என்று சொன்னால் ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

"அப்பா செய்ததைத்தானே நானும் செய்தனான்," என்றாள். குற்றம் சொல்லுகிற குரல் இல்லை அது. இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு விசயத்தைச் சொல்லுகிற குரல்.

"உனக்கு ஆர் சொன்னது?" என்றான் அகஸ்ரின்.

"ஒருத்தரும் சொல்லேல்ல. நீங்கள் பூசைக்குப் போகேக்குள்ள மட்டும்தானே அப்பா நொண்டினீங்கள்."

எட்டு வயதுப் பிள்ளை ஞாயிறு தோறும் பின்னால் நடந்து வந்து அதைப் பார்த்திருக்கிறாள்.

கிளறா கொஞ்ச நேரம் மகளின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "உங்கட மரியாதையைக் காப்பாத்திறன் எண்டுதான் நான் இவ்வளவு நாளும் நினைச்சன். பிள்ளைக்கு இதைத்தான் பழக்கி வைச்சிருக்கிறம். நானும் சேந்துதான்."

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவனும் பதிலுக்குக் கத்தி வெளியில் போயிருப்பான். போக வழியில்லாமல் நின்றான். கைபேசியை எடுத்து, இருவரின் முன்னாலேயே பிறின்ஸுக்கு அழைத்தான்.

"பிறின்ஸ், பிள்ளையின்ரை முழங்காலில ஒண்டுமில்லை. விசாப் பயம்." கொஞ்சம் நிறுத்தினான். "அண்டைக்கு என்ரை முழங்காலிலயும் ஒண்டுமில்லை. எனக்கு விசா தரேல்ல."

"அண்ணை," என்றான் பிறின்ஸ். "நான் உங்கட முழங்காலுக்கு நேர்த்தி வைச்சுச் சாந்தா றொசாலியா மலைக்கு வெறுங்காலோட ஏறினனான்."

கேசிகாவின் பாஸ்போர்ட் கொப்பியை அனுப்புங்கள், விசாரிக்கிறேன், ஆனால் இந்தமுறை நாள் காணாது என்று சொல்லிவிட்டுப் பிறின்ஸ் வைத்துவிட்டான். இவ்வளவு காலமும் எதைச் சொன்னாலும் கப்டன் என்று முடிக்கிறவன், அன்று முடிக்கவில்லை.

வியாழன் பின்னேரம் வீட்டு வேலைக்காரருக்கு ஓய்வு. அலுமாரியிலிருந்து கிளறாவின் சான்றிதழை எடுத்தது அகஸ்ரின்தான். இருவரும் குடியேறியவர்களுக்குக் கடதாசி நிரப்பிக் கொடுக்கும் பத்ரொனாத்தோ அலுவலகத்துக்குப் போனார்கள். கேசிகாவுக்குப் பள்ளிக்கூடத்தில் வகுப்பு இருந்தது. வரிசையில் தமிழ்ப் பூசைக்கு வரும் மாக்கிரட் இருந்தாள். கப்டனைக் கண்டதும் எழுந்து, தன் முறையைத் தர வந்தாள். வேண்டாம் என்று அவன் தலையாட்டினான்.

அவர்களுடைய முறை வந்தபோது மேசைக்கு முன்னால் ஒரு கதிரைதான் இருந்தது. பழக்கத்தில் அகஸ்ரின் அதில் உட்கார்ந்துவிட்டான். மேசையிலிருந்த இளம்பெண்ணும் வழக்கம்போல ஆணிடமே பெயர், குடும்பப் பெயர், மொழிச் சான்றிதழ் என்று கேட்கத் தொடங்கினாள். கிளறா குனிந்து, இவருக்கு இப்போது வேலை அதிகம், இவர் பிறகு போடுவார் என்று இத்தாலியனில் சொல்லத் தொடங்கினாள்.

அவன் கையைக் காட்டி அவளை நிறுத்தினான்.

"விண்ணப்பம் என் மனைவிக்கு," என்றான் இத்தாலியனில். சொற்களைத் தேடித் தேடி எடுத்தான். "எனக்கு இல்லை. அவள் பரீட்சையில் பாஸ். நான் பெயில். இரண்டு வருடம் அவள் எனக்காகக் காத்திருந்தாள். அது என் பிழை."

அறை சின்னது. மாக்கிரட்டுக்குக் கேட்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னமே எல்லோருக்கும் தெரிந்துவிடும். இளம்பெண் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. ஒரு நாளைக்கு இப்படி எத்தனை பேரைப் பார்க்கிறவளோ. அப்படியானால் சின்யோரா உட்காரட்டும் என்றாள்.

அகஸ்ரின் எழுந்தான். கிளறா கதிரையில் இருந்தாள், கைப்பையை மடியில் வைத்தாள். பெயர் கேட்டபோது தெளிவாகச் சொன்னாள். பிள்ளைகள் இருக்கிறார்களா என்றதற்கு, ஒரு மகள், பதினைந்து வயது என்றபோது அவளுடைய குரல் கொஞ்சம் இடறியது. விண்ணப்பத்துக்கு முடிவு வர மூன்று வருடம்வரை எடுக்கும். அவளுடைய தோளில் கை வைக்கலாமா என்று அகஸ்ரின் யோசித்தான். அந்த உரிமை இன்று தனக்கு இல்லை என்று பட்டது. பின்னால் நின்றான்.

எல்லாம் முடிந்து கடதாசிகளை அடுக்கும்போது, இந்தக் கட்டடத்திலேயே பெரியவர்களுக்குப் பின்னேர வகுப்பு நடக்கிறது, கணவரின் பெயரைப் பதியட்டுமா என்று அந்தப் பெண் கிளறாவைக் கேட்டாள்.

கிளறா பதில் சொல்லவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

பெண் நிமிர்ந்து அகஸ்ரினைப் பார்த்தாள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லத் தொடங்கினான்.