குலுக்காமல் திறக்காத வீடு

எங்கள் வீட்டில் எதையும் குலுக்காமல் திறக்க மாட்டோம். பெயிண்ட் கடைக் குடும்பம். குலுக்காத டப்பாவில் நிறமெல்லாம் அடியில் படிந்து கிடக்கும் என்பது அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். பால் பாக்கெட், இருமல் மருந்து, ஊறுகாய் பாட்டில் எல்லாவற்றுக்கும் அதே மரியாதைதான். ஒருமுறை அம்மா ஏதோ யோசனையில் முட்டை டப்பாவைக் குலுக்கிவிட்டாள். அன்று மூன்று வேளையும் ஆம்லெட்.

அப்பாவுக்கு இன்னொரு கிறுக்கும் உண்டு. முக்கியமான ஆள் யாராவது வீட்டுக்கு வருகிறார் என்றால் கூடத்துச் சுவரைப் புதிதாகப் பூசிவிடுவார். வந்தவர் அந்தச் சுவரிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்று ஓரக்கண்ணால் பார்ப்பார். என்னைக் கட்டிக்கொள்ளும் ஆசையில் வந்த ஒரு கணக்காளர், எண்ணெய் வழியும் தலையை அதில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தார். டீ ஆறுவதற்குள் அவர் கதை முடிந்தது. எனக்கும் அதில் ஒன்றும் வருத்தமில்லை.

ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமை வரப்போவது ஐஸ். ஐஸ் ஃபேக்டரியில் வேலை என்பதால் நான் வைத்த பெயர். ஆளைப் பார்த்தால் நான்தான் உருகுவேன், அது வேறு விஷயம். அப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்பதுதான் என் கவலை. அப்பாவோ, "வரட்டும், பார்த்துட்டுச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, முந்தின நாளே சுவருக்குப் பாலாடை நிறம் அடித்து முடித்திருந்தார்.

அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. டீயும் வேண்டாம், காபியும் வேண்டாம், நானே குளிர்ச்சியாக ஒன்று செய்கிறேன் என்று சமையலறையைக் கைப்பற்றினேன். தர்பூசணியை விதை எடுத்து, மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு, மெல்லிய துணியில் வடிகட்டினேன். தட்டிய இஞ்சியோடு சர்க்கரையைக் கரைத்துக் கொதிக்கவிட்டு, இறக்கியதும் ஒரு கைப்பிடி புதினாவைப் போட்டு மூடி வைத்தேன். அது ஆறட்டும் என்று எலுமிச்சையைப் பிழிந்துகொண்டிருந்தபோது, அப்பா பெயிண்ட் நிறங்களைக் கட்டம் கட்டமாகக் காட்டும் ஷேடு கார்டோடு வந்து நின்றார்.

"பாப்பா, இந்தச் சிவப்பு கொஞ்சம் மங்கலா இருக்கே. லேசா மஞ்சள் சேரு."

"அப்பா, இது குடிக்கிறதுக்கு!"

"குடிக்கிறவங்க என்ன கண்ணை மூடிக்கிட்டா குடிப்பாங்க?"

அம்மா சத்தம் போடாமல் ஒரு கேரட்டை அரைத்து, வடிகட்டி ஊற்றினாள். நிறம் பளிச்சென்று எழுந்தது. ருசியும் கூடியிருந்தது, ஆனால் அதை அப்பாவிடம் யார் சொல்வது? எல்லாவற்றையும் கலந்து நாலு பாட்டிலில் ஊற்றினேன். கடைசியில் சோடா. வீட்டு மெஷினில் தண்ணீருக்கு காஸ் ஏற்றி, குமிழி உடையாமல் பாட்டிலின் ஓரமாகச் சாய்த்து ஊற்றி, மூடியை இறுக்கி ஃபிரிட்ஜில் அடுக்கினேன்.

"இதைப் பூ மாதிரி எடுக்கணும். யாரும் குலுக்கிடாதீங்க" என்றேன்.

"எங்களுக்குத் தெரியாதா?" என்றார் அப்பா.

ஐஸ் வந்தார். வெள்ளைவெளேரென்று சட்டை, இஸ்திரி மடிப்பு கூடக் கலையவில்லை. புதுப் பெயிண்ட் வாசனைக்குச் சுவரை ஒருமுறை பார்த்துவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. நான் ஓடிப்போய்ப் பாட்டில்களைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தேன். நாங்கள் மூவரும் ஆளுக்கொன்றாக எடுத்தோம்.

"ஃபேக்டரில என்ன வேலை?" என்று கேட்டுக்கொண்டே அப்பா பாட்டிலைக் குலுக்கினார்.

"வெயில்ல வந்திருக்கார், முதல்ல குடிக்கட்டும்ங்க" என்று சொல்லிக்கொண்டே அம்மா குலுக்கினாள்.

"ஆமாம்ப்பா" என்றேன் நான். என் கையும் குலுக்கிக்கொண்டிருந்தது! செய்தவள் நான், எச்சரித்தவள் நான். கடைப் பழக்கம் கைக்குள் புகுந்துகொண்டால் மூளைக்கு அங்கே என்ன வேலை?

ஐஸின் முகம் வெளுத்தது. "சார், அதை வந்து..."

"இருங்க தம்பி, அடியில படிஞ்சிருக்கும்" என்று அப்பா இன்னும் நாலு குலுக்கு குலுக்கினார். இஞ்சி நிஜமாகவே அடியில்தான் படிந்திருந்தது. மூன்று பேரும் ஒன்றாக மூடியைத் திருகினோம்.

ஐஸ் எங்கள் பக்கம் பாயவில்லை, கதவுப் பக்கமும் ஓடவில்லை. சுவருக்கு முன்னால் பாய்ந்து, முதுகு அதில் படாமல், இரண்டு கையையும் விரித்து நின்றார். மூன்று பாட்டிலும் அவர் மேல்தான் பீய்ச்சி அடித்தன. தலையில் நுரை, காதில் புதினா, மூக்கு நுனியில் ஒரு சொட்டு. பாலாடைச் சுவரில் ஒரு பொட்டுக் கறை இல்லை.

"சுவத்துல படலியே சார்?" என்றார், கண்ணைத் திறக்க முடியாமல்.

எல்லாம் போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பா மெதுவாக எழுந்தார். சுவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு ஐஸின் சட்டையைப் பார்த்தார். தன் சட்டைப் பையிலிருந்து ஷேடு கார்டை எடுத்து அவர் நெஞ்சில் வைத்து, அவரை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி நிறுத்தினார்.

"பார்த்தியா பாப்பா?" என்றார். "அந்தக் கேரட் இல்லேன்னா இந்த ஷேடு வந்திருக்குமா?"

முதலில் அம்மாதான் சிரித்தாள். வாயில் முந்தானையை வைத்து அடைத்தும் சிரிப்பு நிற்கவில்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து விக்கல் பிடித்துக்கொண்டது. அப்பா தொப்பை குலுங்கச் சிரித்து மேஜையைப் பிடித்துக்கொண்டார். பாவம், ஐஸ் மட்டும் எந்த நேரத்தில் சிரிக்கலாம் என்று தெரியாமல் சொட்டச் சொட்ட நின்றார்.

மேஜையில் ஒரு பாட்டில் மிச்சம் இருந்தது. அவருடையது. அப்பா அதை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

ஐஸ் பாட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவிடம் பயந்து பயந்து கேட்டார்: "குலுக்கணுமா சார்?"

அப்பா சுவரை விட்டு விலகி, கூடத்தின் நடுவில் வந்து, நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"நல்லா குலுக்குங்க மாப்ளே" என்றார். "சுவத்தை விட்டுட்டு என் மேல திறங்க."