மருந்துக்காக ஒரு விவாகரத்து

லோவல் ஸ்டாம்பரும் க்ளெண்டாவும் முப்பத்தொரு வருடம் சண்டையும் சமாதானமுமாக நன்றாகவே குடித்தனம் நடத்தியவர்கள். விவாகரத்துப் பேச்சை முதலில் எடுத்தது க்ளெண்டா. ஒரு சனிக்கிழமை காலை, லோவல் தட்டில் இருந்த மெத்தென்ற பிஸ்கட் ரொட்டியின் மேல் கிரேவியை ஊற்றிக்கொண்டிருந்தபோது எடுத்தாள்.

"நாம பிரிஞ்சுடலாம், லோவல்."

"கிரேவி அவ்வளவு மோசமாவா இருக்கு?"

அவள் சிரிக்கவில்லை. வீங்கிய கால்களை எதிர் நாற்காலியில் தூக்கி வைத்திருந்தாள். நாலு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு வாங்கியது.

க்ளெண்டாவுக்கு இரத்தப் புற்றுநோய். தினம் ஒரு மாத்திரை அதை ஐந்து வருடமாக அடக்கி வைத்திருந்தது. லோவல் வேலை பார்த்த கல்குவாரியின் காப்பீட்டில் அந்த மாத்திரை வந்துகொண்டிருந்தது. ஜனவரியில் குவாரி கை மாறியது. புது முதலாளிகள் காப்பீட்டுக் கம்பெனியையும் மாற்றினார்கள். புதுக் கம்பெனியின் பட்டியலில் அந்த மாத்திரை இல்லை. விலை குறைந்த பழைய மருந்தை முதலில் சாப்பிட்டுப் பாருங்கள் என்றார்கள். அதைச் சாப்பிட்டதில்தான் கால் வீங்கியது, நெஞ்சில் நீர் கோத்தது. டாக்டர் மூன்று தடவை எழுதிக் கேட்டார். மூன்று தடவையும் ஒரே பதில் வந்தது. கீழே இருந்த கையெழுத்து மட்டும் வேறு வேறு ஆளுடையது. கைக்காசு போட்டு வாங்கலாம் என்றால், ஒரு மாத மாத்திரையின் விலைக்கு லோவலின் பிக்கப் வண்டியை விற்றாலும் மேற்கொண்டு கொடுக்க வேண்டியிருந்தது.

"கவர்மென்ட்டோட மெடிகெய்ட் காப்பீட்டுல அந்த மாத்திரை குடுக்கறாங்களாம்," என்றாள் க்ளெண்டா. "ஏழைங்களுக்குத்தான். நான் ஏழைதான். உன் சம்பளம் என் பேர்ல ஒட்டிக்கிட்டு இருக்கறதாலதான் பணக்காரி."

"நான் வேலைய விட்டுடறேன்."

"விட்டுட்டு? வீட்டுக் கடனை யார் கட்டறது? யோசிச்சுப் பேசு." கொஞ்ச நேரம் மூச்சை நிதானித்துக்கொண்டாள். "வெறும் பேப்பர்தானே லோவல். பேப்பராலதான இந்த நிலைமை. பேப்பராலயே போகட்டும்."

வக்கீல் திருமதி ப்ரூயிட்டுக்கு இது புதிதாகத் தெரியவில்லை. இந்த வருடத்தில் நீங்கள் நாலாவது ஜோடி என்றாள். "சட்டப்படி தப்பு ஒண்ணும் இல்லம்மா. ஆனா ஒரே வீட்டுல இருந்தீங்கன்னா யாராவது மொட்டைக் கடுதாசி போடுவான். அப்புறம் விசாரணை, விளக்கம்னு இழுக்கும். உங்களுக்கு அதுக்கெல்லாம் நேரம் இல்ல."

நீதிமன்றத்தில் கூட்டமே இல்லை. இந்தத் திருமணம் இனி ஒட்ட வழியே இல்லையா என்று நீதிபதி கேட்டார். க்ளெண்டா உடனே "இல்லை" என்றாள். லோவல் தலையை மட்டும் ஆட்டினான். நீதிபதி அவனைப் பார்த்தார், சக்கர நாற்காலியில் இருந்த அவளைப் பார்த்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆமான்னு வாயால சொல்லணும், மிஸ்டர் ஸ்டாம்பர். தலையாட்டினா பதிவாகாது."

"ஆமாங்க. ஒட்டாது."

லோவல் தன் தம்பி வீட்டுக்குப் பின்னால் துருப்பிடித்து நின்ற டிரெய்லர் என்ற வண்டிவீட்டுக்குக் குடிபோனான். குவாரி அலுவலகத்தில் தீர்ப்பின் நகலைக் கொடுத்து, தன் காப்பீட்டிலிருந்து மனைவியின் பெயரைத் தானே எடுக்கச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியைத் தேவாலயத்தின் பக்கமாக நிறுத்திவிட்டு, கொல்லைப்புற வழியாக நடந்து தன் வீட்டுக்குப் போவான்.

"கதவைச் சாத்து. தனியா இருக்கற பொம்பளை வீட்டுக்கு ஆம்பளை வந்து போறான்னு பேசுவாங்க," என்பாள் க்ளெண்டா.

"பேசட்டும். இந்த வயசுல எனக்கு அது பெருமைதான்."

அவளுக்குச் சூப் வைத்துக் கொடுத்து, துணியைத் துவைத்துப் போட்டு, ஒரு வாரத்துக்கு வேண்டியதைக் கை எட்டும் இடத்தில் எடுத்து வைத்துவிட்டு, சாயங்காலம் வந்த வழியே திரும்புவான். மற்ற ஆறு நாளும் அவள் தனியாக இருந்தாள்.

மெடிகெய்ட் அட்டை வர ஏழு வாரம் ஆயிற்று. மாத்திரை கைக்கு வர இன்னும் மூன்று வாரம். டாக்டர் இரத்தத்தைச் சோதித்துவிட்டு, "ரெண்டு மாசம் முந்தி ஆரம்பிச்சிருந்தா..." என்று பாதியில் நிறுத்திக்கொண்டார். க்ளெண்டா விடாமல் மாத்திரையை விழுங்கினாள். ஒன்றைக்கூட வீணாக்க மனம் வரவில்லை.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு, மத்தியானச் சாப்பாட்டுக்கு நடுவில் அவளுக்கு மூச்சு நின்று நின்று வந்தது. உள்ளூர் மருத்துவமனையை மூடி இரண்டு வருடம் ஆகியிருந்தது. லோவல் தேவாலயத்துக்கு ஓடி வண்டியை எடுத்து வந்து, அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஐம்பது மைல் ஓட்டினான். வாசலிலேயே அவளைத் தள்ளுபடுக்கையில் ஏற்றி உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

பதிவு மேஜையில் இருந்த பெண் கணினியிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டாள். "காப்பீடு?"

"மெடிகெய்ட்."

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

புருஷன் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லிவிட்டால் அது எங்கோ பதிவாகி, யாரோ படித்து, அட்டையை ரத்துசெய்துவிட்டால் என்ன செய்வது?

"தெரிஞ்சவன்," என்றான். "வண்டி ஓட்டிட்டு வந்தேன்."

"அப்ப அங்க உட்காருங்க. சொந்தக்காரங்க யாராவது இருந்தா கூப்பிடுங்க."

கொலம்பஸ் நகரத்தில் இருந்த க்ளெண்டாவின் தங்கை நொரீனை அழைத்தான். அவள் வந்து சேர மூன்று மணி நேரம் ஆயிற்று. அதுவரை யாரும் அவனிடம் எதுவும் சொல்லவில்லை. விவாகரத்து நாளிலிருந்து நொரீன் அவனோடு பேச்சு வைத்திருக்கவில்லை. நோயாளியைக் கைகழுவியவன் என்றே நினைத்திருந்தாள். வெளியே பேச்சுக் கசிந்துவிடும் என்று பயந்து க்ளெண்டா அவளிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை. உள்ளே போய் டாக்டரோடு பேசிவிட்டு வந்தவள் அவன் முன்னால் நின்றாள்.

"மூச்சுக்கு மெஷின் வைக்கவா வேணாமான்னு என்னைக் கேக்கறாங்க. வருஷத்துக்கு ஒரு தடவை பாக்கறவ நான். எனக்கு என்ன தெரியும்?"

லோவல் கையில் இருந்த தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்லிய குரலில் எல்லாவற்றையும் சொன்னான். மாத்திரை, வக்கீல், டிரெய்லர், கொல்லைப்புற வழி எல்லாம். நொரீன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சா என்ன?"

"அவதான் வேணாம்னுட்டா." தொப்பியை முழங்காலில் வைத்தான். "மெஷினும் வேணாம்னுதான் சொல்லுவா."

மெஷின் வேண்டாம் என்று நொரீன் கையெழுத்துப் போட்டாள். என்கூட வந்தவர் என்று சொல்லி அவனை உள்ளே அழைத்துப் போனாள். க்ளெண்டாவுக்கு நினைவு இல்லை. அவன் அவள் பாதங்களைத் தடவிக்கொடுத்தான். புதன்கிழமை காலை, அவன் கீழே வண்டியை வேறு இடத்தில் நிறுத்தப் போயிருந்த நேரத்தில், அவள் போய்விட்டாள்.

வியாழக்கிழமை லோவல் குவாரிக்குப் போய் மேற்பார்வையாளர் ட்வைட்டிடம் மூன்று நாள் துக்க விடுப்புக் கேட்டான். ட்வைட் அலுவலகத்துக்குள் போய்ப் பேசிவிட்டு, பின்கழுத்தைத் தடவிக்கொண்டே வந்தார்.

"பொண்டாட்டிக்குன்னா குடுப்பாங்களாம். கம்ப்யூட்டர்ல உனக்குப் பொண்டாட்டி இல்லப்பா. என் லீவுல ஒண்ணை மாத்தித் தர முடியுமான்னும் கேட்டுப் பாத்துட்டேன். முடியாதாம்." குரலைத் தாழ்த்தினார். "அடக்கம் எப்போ?"

"சனிக்கிழமை."

"சனிக்கிழமைன்னா குவாரி லீவுதான். சமாளிச்சுடலாம்."

லோவல் லோடர் வண்டியில் ஏறினான். மதியம் வரை சுண்ணாம்புக்கல்லை அள்ளி லாரிகளில் கொட்டினான். சாப்பாட்டு வேளையில் நொரீன் போனில் அழைத்தாள்.

"பேப்பர்க்காரங்க மரண அறிவிப்புக்கு விவரம் கேக்கறாங்க. கணவர் லோவல்னு போடப் போறேன்."

"போடாதே."

"ஏன்? அவதான் போயிட்டாளே. இனிமே என்ன?"

"ஆஸ்பத்திரி பில் மெடிகெய்ட்ல இன்னும் பாஸ் ஆகல நொரீன். பேப்பர்ல வந்ததை யாராவது வெட்டி அவங்களுக்கு அனுப்பினா அத்தனையும் வீடு மேலயும் என் மேலயும் வந்து விடியும்."

"அப்ப உன்னை என்னன்னு போட?"

அவன் யோசித்துப் பார்த்தான்.

"விட்டுடு," என்றான். "அக்காவுக்கு நீ இருக்கேன்னு மட்டும் போடு."

போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, பிரிக்காத சாப்பாட்டுப் பொட்டலத்தை இருக்கைக்குக் கீழே தள்ளினான். அடுத்த லாரி வந்து பின்பக்கமாக நின்றது. அவன் வண்டியைக் கிளப்பினான்.