கோச்சை மாத்தணும்

இறைச்சி ஆலையின் ஓடும் பெல்ட்டில் வந்த இறைச்சித் துண்டை ரோண்டா பிளாஸ்டிக் பைக்குள் தள்ளி, காற்றை உறிஞ்சும் இயந்திரத்தின் வாயில் வைத்தாள். பை சுருங்கி இறைச்சியோடு ஒட்டிக்கொண்டது. அடுத்த துண்டு. அந்த அறை எப்போதும் குளிர்சாதனப் பெட்டிக்குள் இருப்பது போலத்தான் இருக்கும். இரண்டு ஜோடி கையுறை போட்டும் விரல் நுனி மரத்துப்போயிருந்தது.

எதிரே எலும்பெடுக்கும் மேசையில் மெர்வ் டல்லக் கத்தியைத் தீட்டிக்கொண்டே கத்தினார். இயந்திரச் சத்தத்தில் கத்தினால்தான் கேட்கும்.

"அம்பத்தி நாலு பாயின்ட்டு வித்தியாசத்துல தோத்திருக்கோம்! நம்ம சொந்த கிரவுண்ட்ல! எங்க அப்பா இருந்திருந்தா கம்பத்துல நாண்டுக்கிட்டு செத்திருப்பாரு."

"உங்க அப்பா தண்ணியடிச்சுட்டு வேலிக்கு வெளியதான படுத்துக் கெடப்பாரு" என்றாள் லூசேனி. தொங்கா தீவிலிருந்து வந்து பன்னிரண்டு வருடமாக ரோண்டாவின் பக்கத்தில் நின்று பை கட்டுகிறவள். அவள் மகன் சொசையா அவர்கள் ஊரான குண்டாப்ரியின் ரக்பி அணியில் முன்வரிசை ஆட்டக்காரன்.

சிரித்தார்கள். மெர்வும் சிரித்தார். பிறகு ரோண்டாவைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினார். அணியின் பயிற்சியாளர் டெஸ் கீச் அவளுடைய கணவன். சீசன் தொடங்கியதிலிருந்து அவர்கள் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை.

டீ இடைவேளையில் மெர்வ் பேச்சை மறுபடியும் கிளப்பினார்.

"தப்பா எடுத்துக்காத தாயி. டெஸ் நல்ல மனுசன். ஆனா நல்ல மனுசன் வேற, கோச்சு வேற. ரெண்டாவது பாதில நம்ம பசங்க நிக்கவே முடியாம தள்ளாடுறானுக. எதிராளிய மடக்கிப் புடிக்கிற டேக்கிள் ஒன்னுகூட உருப்படியா இல்ல. பந்த சோப்பு மாதிரி நழுவ விடுறானுக."

"பயிற்சிக்கு ஆள் வந்தாத்தான மெர்வ்? ஆறு மணிக்குப் பயிற்சி. பாதிப் பசங்கள மத்தியான ஷிப்ட்ல போட்டுட்டாங்க. ராத்திரி பதினொன்னரை வரைக்கும் உள்ள நிக்கிறாங்க. இவரு அஞ்சு பேர வச்சு ஓடிட்டிருக்காரு."

"எங்க காலத்துல நாள் முழுக்க மாட்ட அறுத்துட்டு ஓடியே போவோம் கிரவுண்டுக்கு."

"நாள் முழுக்க, மெர்வ். ராத்திரில இல்ல."

மெர்வ் ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்து டப்பாவுக்குள் போட்டார். "சாக்குதான் எல்லாம்" என்றார் மெதுவாக.

டெஸ் முன்பு மாட்டு லாரி ஓட்டினான். முதுகுத்தண்டு போன பிறகு பயிற்சியாளர் வேலைதான் அவனுக்கு இருந்த ஒரே வேலை. மைதானத்துக்குப் பின்னால் இருந்த இரண்டு அறை வீட்டைக் கிளப் அந்த வேலையோடு சேர்த்துக் கொடுத்திருந்தது. வேலை போனால் வீடும் போகும்.

அன்று சாயங்காலம் அவன் சமையலறைத் தரையில் முதுகை நீட்டிப் படுத்திருந்தான். வலி அதிகமானால் அப்படித்தான் படுப்பான்.

"ஹாலோரன பாத்தியா?" என்று கேட்டாள் ரோண்டா.

ஹாலோரன் இறைச்சி ஆலையின் மேனேஜர். கிளப்பின் தலைவரும் அவர்தான். அணிச் சட்டைகளின் மார்பில் ஆலையின் பெயர்தான் இருந்தது.

"பாத்தேன். பயிற்சி இருக்கற செவ்வா வியாழன் மட்டும் பசங்கள பகல்ல போடுங்கன்னு கெஞ்சினேன். பந்து வெளையாட்டுக்காக என் பெல்ட்ட நிறுத்த முடியாதுன்னுட்டாரு."

"பெல்ட்ட நிறுத்தச் சொல்லலியே. ஆள மாத்தித்தான கேட்ட?"

"அதத்தான் நானும் சொன்னேன். போன் வந்துருச்சு, பேசப் போயிட்டாரு."

அவள் உருளைக்கிழங்கு சீவினாள். அவன் தரையிலிருந்தே, "வியாழக்கிழம பயிற்சி முடிஞ்சு கிளப் கூட்டம், என்னப் பத்தித்தான். நீ வராத. கேக்க நல்லாருக்காது" என்றான்.

அவள் போனாள்.

கிளப் ஹால் நிறைந்திருந்தது. பார் மேசையில் அன்றைய குலுக்கலுக்கான இறைச்சித் தட்டுகளை அடுக்கியிருந்தார்கள். ஆலை நன்கொடை. பகலில் தாங்கள் வெட்டிக் கட்டிய இறைச்சிக்குத்தான் எல்லாரும் சீட்டு வாங்கிக் கையில் வைத்திருந்தார்கள். ஆட்டக்காரர்களில் பாதிப் பேரைக் காணவில்லை. அவர்கள் ஷிப்டில் இருந்தார்கள்.

முதலில் எழுந்தவர் மெர்வ். "டெஸ் மாப்ள, உம்மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல" என்று ஆரம்பித்தார். உண்மையிலேயே அவர் குரல் தழுதழுத்தது. "ஆனா இந்தச் சட்டைய எங்க தாத்தா போட்டாரு. நாஞ் சாகறதுக்குள்ள இந்த டீம் கீழ்டிவிசனுக்குப் போறதப் பாக்கக் கூடாது. கோச்ச மாத்தணும். அவ்ளதான்."

கைதட்டினார்கள். பின்னாலிருந்து ஒருவன், "நடுவுல மாத்துனா மட்டும் என்ன ஆகும்? புதுசா வர்றவன் மந்திரமா போடுவான்?" என்றான். "மந்திரம் வேணாம்யா, ஒரு ஆட்டம் ஜெயிச்சாப் போதும்" என்றான் இன்னொருவன். போன வருடக் கதை, அதற்கு முந்திய வருடக் கதை எல்லாம் வந்தது. யாரை எந்த இடத்தில் ஆட வைத்திருக்க வேண்டும் என்று பாரில் ஊற்றிக்கொடுப்பவன்கூடச் சொன்னான்.

லூசேனி எழுந்தாள். "எம் பையன் ராத்திரி ஒரு மணிக்குத்தான் படுக்கிறான். சனிக்கிழம பாதி ஆட்டத்துலயே காலு இழுக்குது அவனுக்கு. ஷிப்ட்ட..."

"லூசேனி" என்றார் ஹாலோரன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அன்பான சிரிப்புதான். "ஷிப்ட் விசயத்த ஆபீஸ்ல வந்து பேசும்மா. எப்ப வேணா வரலாம். இங்க ஆட்டத்தப் பத்தி மட்டும் பேசுவோம், என்ன?"

லூசேனி உட்கார்ந்துவிட்டாள்.

ரோண்டா எழுந்தாள். "ஆட்டத்தப் பத்தித்தான் அவ பேசினா. பதினேழு பேர் டீமுக்கு அஞ்சு பேர் பயிற்சிக்கு வந்தா எந்தக் கோச்சு என்ன பண்ணுவான்? இங்க இருக்கற எல்லாருக்கும் இது தெரியும். மெர்வ், ஒனக்குத் தெரியும். மாத்த வேண்டியது எதுன்னு தெரியும்."

ஹாலில் நாற்காலிகள் கிரீச்சிட்டன. ஒவ்வொருவரும் கையிலிருந்த குலுக்கல் சீட்டைப் பார்த்தார்கள்.

"பொண்டாட்டி பேசத்தான் செய்வா" என்றது ஒரு குரல். எல்லாரும் மூச்சு வந்தவர்கள் போலச் சிரித்தார்கள்.

டெஸ்ஸிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்கள். அவன் சுவரைப் பிடித்து எழுந்தான். "பசங்க நல்ல பசங்க. அவனுகளத் திட்டாதீங்க" என்றான்.

கோச்சை மாற்றச் சம்மதிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். லூசேனியின் கை கடைசியாக, காது வரைக்கும் மட்டும் எழுந்தது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ண வேண்டியிருக்கவில்லை. பிறகு இறைச்சிக் குலுக்கல் நடந்தது.

புதிய பயிற்சியாளராக ஹாலோரனின் மருமகன் வந்தான். கடற்கரை ஊரில் ஆடியவன், முப்பத்திரண்டு வயது. வந்த முதல் வாரத்திலேயே ஆட்டக்காரர்கள் எல்லாரும் பகல் ஷிப்டுக்கு மாறினார்கள். மத்தியான ஷிப்டில் அவர்கள் விட்டுவந்த இடத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. போர்மேன் டீ இடைவேளையில் வந்து பெயர்களைப் படித்தான். ரோண்டா கீச். மெர்வ் டல்லக். இன்னும் சிலர், எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள்.

"சீசன் முடியற வரைக்குந்தான?" என்று கேட்டார் மெர்வ்.

"அப்பிடித்தான் நெனைக்கிறேன்" என்றான் போர்மேன்.

சனிக்கிழமை குண்டாப்ரி ஜெயித்தது. அதற்கடுத்த சனிக்கிழமையும். டெஸ்ஸும் ரோண்டாவும் ஆற்றங்கரை கேரவன் பார்க்கில் ஒரு சக்கர வீட்டுக்குக் குடிபோயிருந்தார்கள். அதன் படியில் ஏற டெஸ்ஸுக்கு அவள் தோள் வேண்டியிருந்தது. புதியவனுக்கு மாமனார் வீடு இருந்ததால் கிளப் வீட்டில் பந்துகளையும் மெத்தைகளையும் போட்டுப் பூட்டினார்கள்.

வியாழக்கிழமை மாலை ஆறரைக்கு மத்தியான ஷிப்ட்காரர்களுக்கு இடைவேளை விட்டார்கள். லாரியில் சரக்கேற்றும் வாசலின் ஷட்டர் திறந்திருந்தது. ஜூன் மாதம் அந்த ஊரில் குளிர்காலம்; குளிர் உள்ளே வந்தது. மெர்வ் ரத்தக்கறை படிந்த ஏப்ரனோடு வாசல் விளிம்பில் நின்றார். இரண்டு வாரத்தில் கண்ணுக்குக் கீழே பை தொங்கியிருந்தது. தூரத்தில் மைதானத்து விளக்குகள் எரிந்தன. விசில் சத்தம் கேட்டது.

"ரோண்டா, இங்க வா, வந்து பாரு. எல்லாப் பயலும் வந்துட்டான். ஒருத்தன் பாக்கியில்ல. சொசையா ஓடறதப் பாரேன், குட்டிக் காள மாதிரி." அவர் முகத்தில் வஞ்சகம் கொஞ்சமும் இல்லை. "இப்பவாச்சும் ஒத்துக்க. கோச்சுன்னா இப்பிடி இருக்கணும்."

ரோண்டா அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் வலது கை விரல்கள் கத்தி பிடித்த வாக்கிலேயே மடங்கி, நிமிராமல் இருந்தன.

மணி அடித்தது. அவள் கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே நடந்தாள். போர்மேன் பொத்தானை அழுத்த, ஷட்டர் இறங்கியது. மைதானத்தில் ஏதோ ஆரவாரம். மெர்வ் முதலில் தலையைச் சாய்த்தார், பிறகு குனிந்தார், பிறகு ஈரத் தரையில் ஒரு முழங்காலை ஊன்றி, வெளிச்சம் ஒரு சாண் அளவுக்குச் சுருங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெர்வ், பெல்ட் ஓடுது" என்றான் போர்மேன்.