துரைக்குப் படுக்கை

செராஸ் பக்கம் இருந்த குதிரையேற்றப் பயிற்சி நிலையத்தை இழுத்து மூடியபோது, அங்கிருந்த பதினொரு குதிரைகளில் பத்துக்கு ஆள் கிடைத்துவிட்டது. மிஞ்சியது துரை மட்டும்தான். பத்தொன்பது வயது, செம்பழுப்பு நிறம், முன்னங்காலில் பழைய காயம். இனி யாரையும் முதுகில் ஏற்ற முடியாது. ஒன்பது வருடமாக அதற்குத் தீவனம் வைத்து உடம்பு தேய்த்துவிட்ட சந்திரகலாவிடம் முதலாளியம்மா கேட்டார், "நீ வெச்சுக்கறியா?"

யோசிக்காமல் தலையாட்டிவிட்டாள். கிள்ளானுக்கு ரயிலேறிய பிறகுதான் உறைத்தது. அவள் இருப்பது அடுக்குமாடி வீடு.

"எத்தனாவது மாடியில கட்டப் போற?" என்று கேட்டான் லோரி ஓட்டும் கணவன் சிவநேசன். கேலி செய்தானே தவிர, மறுநாளே தன் கூட்டாளி பக்கிரிசாமியிடம் பேசிவிட்டான். பக்கிரிசாமிக்குத் தெலுக் பங்லிமா காராங்கில் பூச்செடித் தோட்டம். அதன் பின்புறம் உர மூட்டை போட்டுவைத்த சிமெண்டுக் கொட்டகை ஒன்று காலியாகக் கிடந்தது. சிவநேசன் அதற்குப் பாதிக்கதவு அடித்தான். துரை லோரியில் வந்து இறங்கியது.

சந்திரகலாவுக்குக் கிள்ளானில் ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை கிடைத்தது. விடியற்காலையில் வந்து தீவனம் வைப்பாள், கேண்டீன் முடிந்ததும் மத்தியானம் திரும்ப வருவாள். புல்லும் தவிடும் எப்படியோ சமாளித்தாள். படுக்கைதான் இடித்தது. பழைய இடத்தில் வெளிநாட்டு மரச்சீவலை மூட்டை மூட்டையாக வாங்கிக் கொட்டுவார்கள். விலையை விசாரித்தவள் போனை மெதுவாகக் கீழே வைத்தாள். குதிரைக்குப் படுக்கை வாங்கினால் குதிரைக்குச் சாப்பாடு வாங்க முடியாது.

முதலில் உமி. அரிசி ஆலைக்குப் போன சிவநேசன் லோரி நிறையக் கொண்டுவந்தான். துரை அதை மூக்கால் ஊதிப் பார்த்தது, தும்மியது, பிறகு தின்ன ஆரம்பித்தது. இரண்டே நாளில் எல்லாவற்றையும் அள்ளிப் பக்கிரிசாமியின் செடிகளுக்குப் போட வேண்டியதாயிற்று. அடுத்தது மேசை நாற்காலி செய்யும் பட்டறையிலிருந்து மரத்தூள். இலவசம்தான். ஆனால் மாவு மாதிரி பறந்தது. ஒரு வாரத்தில் துரை இருமத் தொடங்கியது. முழங்கால் இரண்டிலும் தோல் உரிந்து ரத்தம் கட்டியிருந்தது. யாரோ அடித்துவிட்டார்கள் என்று நினைத்து அவள் பக்கிரிசாமியிடம் சண்டைக்கே போய்விட்டாள்.

பூச்சோங்கிலிருந்து வந்த கால்நடை மருத்துவர் லோகேஸ்வரி முழங்காலைத் தடவிப் பார்த்தார்.

"யாரும் அடிக்கல அக்கா. இவன் படுக்கறதே இல்ல. நின்னுகிட்டே கண் அசந்து, கால் மடங்கி விழுறான். நின்னபடி கோழித்தூக்கம் போடலாம். நல்ல தூக்கம் தூங்கணும்னா குதிரை படுத்தே ஆகணும்."

"எத்தன நாளா இப்படி டாக்டர்?"

"வந்ததிலிருந்தேகூட இருக்கலாம். கீழ மெத்துனு இருக்கணும், காஞ்சு இருக்கணும், தூசி பறக்கக்கூடாது. அது இருந்தா படுத்துருவான்லா."

அன்று மாலை சந்திரகலா பக்கிரிசாமியிடம் மன்னிப்புக் கேட்டாள். "விடுமா, நீ திட்டுனது என் காதுலயே விழல" என்றார் அவர்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போனாள். தங்கை கார்த்திகா அங்கே ஒரு வக்கீல் அலுவலகத்தில் கிளார்க். தையல்காரரிடமிருந்து வாங்கிய ரவிக்கைகளை அவளிடம் கொடுக்க வேண்டும். மாடிப்படியில் கறுப்புப் பைகள் வரிசையாகக் கிடந்தன. ஒன்றை நகர்த்திவிட்டு ஏறலாமென்று தூக்கினாள். தலையணை மாதிரி இருந்தது. பிரித்துப் பார்த்தாள். மெஷினில் நறுக்கிய காகிதம், இடியாப்பம்போலச் சுருண்டு சுருண்டு. கையை உள்ளே முழங்கை வரைக்கும் விட்டு வெளியே எடுத்து ஊதினாள். துளி தூசி இல்லை.

"அக்கா! குப்பையில என்ன தேடுற?" என்று மேலேயிருந்து கார்த்திகா கத்தினாள்.

"இத நீங்க என்ன பண்றீங்க?"

"ஆள் வெச்சுத் தூக்கிப் போடறோம். வாரத்துக்கு எட்டுப் பை, பத்துப் பை வரும்."

வக்கீல் பரமேஸ்வரன் கண்டிப்பான மனிதர். சந்திரகலா விஷயத்தைச் சொன்னதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாம் கிளையண்ட் பேப்பர்மா. நாளைக்கு யாராச்சும் பொறுக்கி ஒட்டிப் படிச்சாங்கன்னா?"

"சார், குதிரை ஒரு நாள் அதுமேல நின்னாப் போதும். அப்புறம் நீங்களே காசு குடுத்தாலும் யாரும் கையால தொட மாட்டாங்க."

கார்த்திகா வாயைப் பொத்திக்கொண்டாள். வக்கீலின் தோள் குலுங்கியது. "வெளிய பறக்கக்கூடாது. பழசான பிறகு மக்க வெச்சிடணும். எடுத்துட்டுப் போ" என்றார்.

வேலை அதோடு முடியவில்லை. காகிதத்தில் ஸ்டேபிள் ஊசிகள் கிடந்தன. குளம்பில் ஏறினால் அவ்வளவுதான். சிவநேசன் உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து பெரிய காந்தம் ஒன்றைக் கழற்றிக் குச்சியில் கட்டித் தந்தான். பையைத் தரையில் பரப்பி, கோலம் போடுகிறவள்போலக் குனிந்து, காந்தத்தால் அங்குலம் அங்குலமாகத் துழாவினாள். அதற்குப் பிறகு இன்னொரு சிக்கல். வெறும் சிமெண்டுமேல் காகிதம் நனைந்து தோசைமாவு மாதிரிக் குழைந்தது. கால் வழுக்கியது. பக்கத்துத் தொழிற்பேட்டைப் பழைய சாமான் கடையில் கன்வேயர் பெல்ட் துண்டுகள் கிடப்பதாகப் பக்கிரிசாமிதான் சொன்னார். விரல் தடிப்புக் கித்தா ரப்பர். மூன்று பேருமாக நான்கு துண்டுகளை இழுத்துவந்து, ஒரு பக்கம் லேசாகச் சரியும்படி விரித்தார்கள். மூத்திரம் வழிந்து வெளியே ஓடிவிடும். அதன்மேல் முழங்கால் உயரத்துக்குக் காகிதம்.

துரை உள்ளே வர மறுத்தது. காலடியில் சரசரவென்று சத்தம் கேட்டதும் காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு, கதவோரம் காகிதம் விரிக்காத கொஞ்ச இடத்திலேயே நின்றது. மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் நடுக்கொட்டகைவரை போனது. ஆனால் படுக்கவில்லை. காலையில் வந்து பார்த்தால் காகிதத்தில் குளம்புத் தடம் மட்டும்தான் இருந்தது, படுத்த பள்ளம் இல்லை.

"கட்டில் போட்டுக் கொசுவலையும் கட்டணுமோ?" என்றான் சிவநேசன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆறாம் நாள் மத்தியானம் நல்ல மழை. கேண்டீனிலிருந்து நனைந்தபடி வந்தவள் தோட்டத்து வழியிலேயே நின்றுவிட்டாள். தினமும் பாதிக்கதவுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் தலையைக் காணவில்லை. செருப்பு சேற்றில் கழன்றுகொள்ள, வெறுங்காலோடு ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள்.

துரை பக்கவாட்டில் நீட்டிப் படுத்திருந்தது. கழுத்து வரை காகிதம். நாலு காலும் நாலு பக்கம். வயிறு சீராக ஏறி இறங்கியது. உதடு தொங்கி, குறட்டை. இடையிடையே முன்னங்கால் துடித்தது. கனவில் எங்கோ ஓடிக்கொண்டிருந்தது.

சந்திரகலா கதவோரம் ஈரத்திலேயே உட்கார்ந்து போனை எடுத்தாள். "படுத்துட்டான்" என்றாள் கிசுகிசுப்பாக.

"யாரு?" என்றான் சிவநேசன். லோரி இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. "சத்தமா சொல்லு!"

"சத்தமா சொன்னா எழுந்துருவான்லா!"

பக்கிரிசாமி தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு ஏதோ பாடியபடி வந்தார். அவள் விரலை உதட்டில் வைத்தாள். அவரும் எட்டிப் பார்த்தார். குழாயை அப்படியே கீழே போட்டுவிட்டு, நுனிக்காலில் நடந்துபோய், இரண்டு கிளாஸில் கோப்பி கொண்டுவந்தார். கதவோரத்திலேயே உட்கார்ந்து குடித்தார்கள்.

ஒரு மாதத்தில் முழங்கால் ஆறிப் புது மயிர் முளைத்தது. இருமலும் நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வக்கீல் பரமேஸ்வரனே தம் காரில் நான்கு பைகளைப் போட்டுக்கொண்டு வந்தார். பறக்கிறதா என்று பார்க்க வந்ததாகச் சொன்னார். ஆனால் கொட்டகையைச் சுற்றிப் பார்க்கவே இல்லை. பாதிக்கதவில் கையை ஊன்றி, தூங்கும் குதிரையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பது வருஷமா சண்டக்காரங்களோட பேப்பர் இது. இத வெச்சு ஒருத்தன் நிம்மதியாத் தூங்கி இப்பத்தான்மா பாக்கறேன்."

துரை ஒரு கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது. எழுந்திருக்கும் எண்ணம் அதற்கு இருந்ததாகத் தெரியவில்லை. வக்கீல் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, ஊசி பொறுக்கும் வேலை எங்கே நடக்கிறது, தமக்கும் ஒரு முக்காலி கிடைக்குமா என்று கேட்டார்.