உறவு: அண்ணன்

வங்கியிலிருந்து வந்த உறையில் இரண்டு தாள்கள் இருந்தன.

முதல் தாளில் விஷயம் நாலே வரி. மூன்று மாதத்துக்கு முன் அவள் கணக்கில் வந்த வாடகைப் பணம் திரும்ப எடுக்கப்பட்டுவிட்டது. கார்டில் கட்டியவர் ஆட்சேபம் தெரிவித்திருக்கிறார். பதில் இருந்தால் பத்து நாளுக்குள் தரவும்.

இரண்டாம் தாள் அவர் கொடுத்த ஆதாரம். விடுமுறைக் கிளப்பின் விருந்தினர் படிவத்தின் நகல். தங்குபவர் பெயர், வருகை, கிளம்பும் நாள். உறவு: அண்ணன். வாடகை: இல்லை. கீழே கையெழுத்து. அவளுடைய கையெழுத்து, கடைசிச் சுழி வரை.

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று, "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று ஒரு நாளைக்கு அறுபது பேருக்குச் சொல்பவள். காலையில் தபால் பெட்டியிலிருந்து எடுத்த உறையை ஒரு நெஞ்சுக்கும் இன்னொரு நெஞ்சுக்கும் நடுவில் பிரித்திருந்தாள். தடுப்புக்கு வெளியே நின்ற பெரியவர் மூச்சைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"ஏம்மா, விடலாமா? இல்ல இப்படியே போய்ச் சேரட்டுமா?"

"விடுங்க, விடுங்க" என்றாள்.

வாடகைக்கு விட்ட அந்த அறை அவளுக்கும் கணவருக்கும் சொந்தம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். எட்டு வருஷத்துக்கு முன் வீட்டுக்காரர் கிளப்காரர்கள் கொடுத்த ஓர் ஓசி விருந்துக்குப் போய்விட்டு வந்து, "ஏரிக்கரையில நமக்கு ஒரு வீடு" என்றார். விசாரித்ததில் அது டைம்ஷேர். வருஷத்தில் ஒரு வாரம் இவர்களுக்கு, மீதி வாரங்கள் மற்றவர்களுக்கு.

"அம்பத்திரண்டுல ஒரு பங்கா? அப்போ கதவுக் கைப்பிடி மட்டும் நம்மளுது" என்றாள்.

அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். எந்த மெஷின் எங்கே மக்கர் பண்ணும் என்று தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். மனுஷனைத் தட்டிப் பார்க்கத் தெரியாது. வாங்கியதோடும் செலவு விடவில்லை. தங்கினாலும் தங்காவிட்டாலும் வருஷா வருஷம் பராமரிப்புக் கட்டணம். அவளுடைய அரை மாதச் சம்பளம்.

இந்த வருஷம் மகளுக்குப் பரீட்சை. போக முடியாது. வாரத்தை வாடகைக்கு விட்டால் கட்டணமாவது தேறும் என்று இணையத்தில் விளம்பரம் போட்டாள். மறுநாளே ஒருவர் கூப்பிட்டார். வார்த்தைக்கு வார்த்தை சிஸ்டர். வீட்டில் அவருக்கு சிஸ்டர்காரர் என்றே பேர் விழுந்துவிட்டது. மெசேஜ் மட்டும் அனுப்ப மாட்டார். "எழுதுறதெல்லாம் நமக்கு வராது சிஸ்டர். வாய் வார்த்தைதான்." பேரம் பேசவில்லை. முழு வாடகையையும் ஒரே தடவையில் கார்டில் கட்டினார். இப்படியும் ஒரு மனுஷனா என்று அவளுக்கு மனசு குளிர்ந்தது.

கிளப்பில் ஒரு விதி உண்டு. சொந்த வாரத்தை உறவுக்காரருக்குச் சும்மா கொடுக்கலாம். வாடகைக்கு விட்டால், வாடகையில் மூன்றில் ஒரு பங்கை கிளப்புக்குக் கட்ட வேண்டும். அவள் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார்.

"அண்ணன்னு போட்டுடுங்க சிஸ்டர். நான் உங்களுக்கு அண்ணன் மாதிரிதானே? அவங்களுக்கு எதுக்குத் தண்டம் அழணும்?"

போட்டாள். யாரும் அவள் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. இதைப் பிறகு பல தடவை அவள் தனக்கே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்த ஏழு நாளும் ஃபோன் ஓயவில்லை. தலையணை உயரம். வெந்நீரில் சூடு போதாது. மறுநாள் சூடு அதிகம். ஜன்னலிலிருந்து பார்த்தால் பாதி ஏரிதான் தெரிகிறது.

"ஏரியை என்னால நகர்த்த முடியாதுங்க."

"முயற்சி பண்ணுங்க சிஸ்டர்."

அவளும் சிரித்தாள். வேலைக்கு நடுவே ரிசப்ஷனுக்கு நாலு தடவை கூப்பிட்டு, தலையணை மாற்றிக் கொடுக்கச் சொன்னாள். எட்டாம் நாள் சாவியைக் கொடுத்துவிட்டுக் கூப்பிட்டார். "சொர்க்கம் சிஸ்டர், சொர்க்கம்."

இப்போது அவளுடைய ஃபோனை அவர் எடுக்கவில்லை. ஆறு தடவை அடித்துப் பார்த்துவிட்டு, வார்டு மேசையிலிருந்த ஃபோனிலிருந்து கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

"அறைக்குக் குடுத்த பணத்தைத் திரும்ப எடுத்திருக்கீங்க" என்றாள்.

"யாரு, சிஸ்டரா? எப்படி இருக்கீங்க?"

"ஏழு நாள் தங்கினீங்களா, இல்லையா?"

"தங்கினேனே. இல்லைன்னு நான் சொல்லலையே. தங்கச்சி கூப்பிட்டீங்க, அண்ணன் வந்தேன். வாடகை இல்லைன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க? ரிசப்ஷன்ல அதை ஒரு ஃபோட்டோ எடுத்து வச்சுக்கிட்டேன், ஞாபகத்துக்கு."

"அப்போ அந்தப் பணம்?"

"அது அடுத்த வருஷத்துக்கு முன்பணம். அடுத்த வருஷம் எங்களுக்குத் தோதுப்படாது. அதான் திருப்பிக் கேட்டேன்."

"எப்போ கேட்டீங்க? யார்கிட்ட கேட்டீங்க?"

"பேங்க்ல கேட்டேனே."

"வெட்கமா இல்ல உங்களுக்கு?"

"கோபப்படாதீங்க சிஸ்டர். உடம்புக்கு ஆகாது. ஆஸ்பத்திரியில இருக்கிறவங்க, உங்களுக்குத் தெரியாததா?"

வைத்துவிட்டார். அந்த நிமிஷத்திலிருந்து அவர் அவளுக்கு அவன்.

அன்று ஒரு பையனுக்கு வலது முட்டிக்குப் பதிலாக இடது முட்டியைப் படம் பிடித்தாள். பதினாலு வருஷ வேலையில் முதல் தடவை. பையனிடம் மன்னிப்புக் கேட்டாள். அவனுக்கு அவள் முகத்தைப் பார்த்து பயம்.

வங்கியில் ஆட்சேபங்களைப் பார்ப்பது ஒரு பெண் அதிகாரி. மேசையில் குழந்தை படம், பக்கத்தில் பாதி குடித்து ஆறிப்போன காபி. அதிகாரி படிவத்தை இவள் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா."

"வாடகை இல்லைன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க."

"கிளப் கட்டணத்தை மிச்சம் பிடிக்க எழுதினேன். அவன்தான் அப்படி எழுதச் சொன்னான்."

"எழுதச் சொன்னதுக்கு ஏதாவது மெசேஜ்?"

"வாய் வார்த்தை."

அதிகாரி பெருமூச்சு விட்டாள். "நீங்க சொல்றதை நான் நம்புறேன். இதே மாதிரி அஞ்சாறு பேரைப் பார்த்தாச்சு. ஆனா தாள்ல இருக்கிறது வேற. ஒண்ணு பண்ணுங்க. இவர் வாடகைக்குத்தான் தங்கினார்னு கிளப் முத்திரையோட ஒரு தாள் கொண்டு வாங்க. பணத்தை உங்க கணக்குலயே திருப்பிப் போட்டுடுவோம்."

"கொண்டு வரலைன்னா?"

"வெள்ளிக்கிழமை அஞ்சு மணியோட முடிஞ்சுது. பணம் அவருக்கு."

வீட்டில் வீட்டுக்காரர் கிளப் விதிப்புத்தகத்தைத் தேடி எடுத்தார். எட்டு வருஷத்தில் அதைப் பிரிப்பது அதுதான் முதல் தடவை, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி வாசித்தார். பொய்ப் படிவம் கொடுத்தது தெரியவந்தால் இரண்டு வருஷத்துக்கு உரிமை நிறுத்தம். அந்த இரண்டு வருஷமும் பராமரிப்புக் கட்டணம் தொடரும்.

"அரைச் சம்பளத்தைத் திருப்பி வாங்க முழுச் சம்பளத்தைக் குடுக்கணும்" என்றார். "எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துற கதை."

"கணக்கு எனக்கும் தெரியும்."

"தெரிஞ்சா விட்டுத் தொலை. போனது போகட்டும்."

"விட்டா அந்தத் தாள் உண்மையாயிடும்ங்க. அவன் எனக்கு அண்ணன். ஓசியில தங்கினான். முன்பணத்தை நான் அமுக்கப் பார்த்தேன். பேங்க்ல அப்படித்தான் பதிவாகும். ஏமாந்தவளும் நானு, திருடியும் நானு."

"அதை யாரு வந்து படிக்கப் போறா?"

"அவன் படிப்பான். படிச்சுட்டு அடுத்த சிஸ்டரைத் தேடுவான்."

அவர் புத்தகத்தை மூடினார். கொஞ்ச நேரம் அதன் அட்டையையே தடவிக்கொண்டிருந்தார்.

"அந்த விருந்துக்கு நான் போயிருக்கக் கூடாது."

"சாப்பாடாவது நல்லா இருந்துச்சா?"

"உப்பே இல்ல."

ஒரு வாரத்தில் அப்போதுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். பிறகு, "போய்ட்டு வா" என்றார்.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டாள். கிளப் அலுவலகம் ஒரு செருப்புக் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில். உள்ளே குளிர். சுவர் முழுக்க ஏரி. படத்தில் ஏரி முழுசாகத் தெரிந்தது. டை கட்டிய குமாஸ்தா ஒருவன் அவளை உட்காரச் சொன்னான். பக்கத்து மேசையில் புதுசாகக் கல்யாணமானது போலிருந்த ஒரு ஜோடியிடம் விற்பனைக்காரன் பேசிக்கொண்டிருந்தான். "வாடகை வீட்டுல எவ்வளவு நாள் சார் இருப்பீங்க? இது உங்க சொந்தம்."

குமாஸ்தா அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"இதை எதுக்கும்மா இப்போ கிளறுறீங்க? நாங்க யாரும் கேட்கலையே."

"கேட்காமலே சொல்றேன்."

"நீங்க பொய் சொன்னதா நீங்களே எழுதிக் குடுக்கணும். ரெண்டு வருஷம் போயிடும்."

"தெரியும். தாளைக் குடுங்க."

எழுதினாள். இவர் எனக்கு அண்ணன் இல்லை. எந்த உறவும் இல்லை. ஏழு நாள் வாடகைக்குத் தங்கினார். வாடகையை நான் வாங்கினேன். கிளப் கட்டணத்தை மிச்சம் பிடிக்க அண்ணன் என்று எழுதிக் கொடுத்தேன். அந்தத் தப்பு என்னுடையது. மற்றது அவருடையது.

குமாஸ்தா எட்டிப் பார்த்தான். "கடைசி ரெண்டு வரி தேவையில்லம்மா."

"இருக்கட்டும்."

கையெழுத்துப் போடப் போனவள் நிறுத்தினாள்.

"இந்த ரெண்டு வருஷமும் எங்க வாரத்துல அந்த அறை சும்மா கிடக்குமா?"

"சும்மா ஏன் கிடக்குது? ஆளுங்க வருவாங்க."

"எந்த ஆளுங்க?"

"வெளியாளுங்கதான். கிளப் வாடகைக்கு விடும்."

"வாடகைக்கு."

"ஆமாம்மா."

"அந்த வாடகை யாருக்கு?"

"கிளப்புக்கு."

"பராமரிப்பு?"

"அது நீங்கதான் கட்டணும்."

அவன் முகத்தில் கள்ளம் இல்லை. வெளியே மழை பெய்கிறது என்று சொல்பவனின் முகம். அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த சிஸ்டர்காரனாவது திருடினான். இவர்கள் விதி எண் போட்டு அச்சடித்து வைத்திருக்கிறார்கள்.

கையெழுத்துப் போட்டாள். பேனா தாளைக் கிழித்துவிடும் போல அழுந்தியது. குமாஸ்தா அதை ஒரு நகல் எடுத்து, 'வாடகைத் தங்கல்' என்று எழுதி, முத்திரை குத்தி நீட்டினான். அவள் மை காயும்வரை ஊதி, மடித்துப் பையில் வைத்தாள். மணி மூன்றரை. வங்கி இரண்டு தெரு தள்ளி.

எழுந்திருக்கவில்லை.

"இன்னொரு தாள் குடுங்க."

"எதுக்கும்மா?"

"இப்போ சொன்னீங்களே, அதைப் பத்தி எழுதணும்."

"புகாரெல்லாம் ஆன்லைன்லதாம்மா. இங்க தாள் வாங்குறதில்ல."

மேசையில் ஏரிப் படம் போட்ட விளம்பரத் தாள்கள் அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்துத் திருப்பினாள். பின்பக்கம் வெள்ளை. நாள், இடம் போட்டு, பெறுநர் எழுதி, விதி எண்ணைக் கேட்டாள். அவன் சொல்லவில்லை. பையிலிருந்து விதிப்புத்தகத்தை எடுத்து அவளே பார்த்துக்கொண்டாள்.

பக்கத்து மேசையில் பேச்சு நின்றுபோயிருந்தது. அந்தப் பெண்ணின் கையில் விற்பனைக்காரன் கொடுத்த பேனா இருந்தது.

"என்னக்கா எழுதுறீங்க?" என்று கேட்டாள்.

"சார், நாம இந்தப் பக்கம் பார்ப்போம்" என்றான் விற்பனைக்காரன்.

"ரெண்டு நிமிஷம் இரும்மா. எழுதி முடிச்சுட்டு சத்தமாப் படிக்கிறேன்" என்றாள் அவள், தலை நிமிராமல். "அதுவரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போடாத."