இரண்டிலும் குலை

சிங்கவரம் சாலையில் நைனா விட்டுப்போன மனையில் வீடு கட்டுவதற்காக என் தங்கை அமலா அங்கிருந்த இரண்டு பனைகளை வெட்டினாள். நான் போய், நம் வேரையே வெட்டிவிட்டாய் என்று கொத்தனார்கள் முன்னால் பேசினேன். "வேரு மேலயா அஸ்திவாரம் போடுவாங்க?" என்றாள். அதோடு ஒரு வருடம் பேச்சில்லை.

ஃபாதர் வந்து புதுவீட்டை மந்திரிக்கும் விழாவுக்கு அவள் கணவர் பெலிக்ஸ்தான் அழைத்தார். போனால் அவள் பேசுவாளா என்பதே என் கவலை. வேறு யாராவது என்றால் ஒரு குக்கர் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். நான் படம் வரைகிறவள். ராஜகிரி மலைக்கு முன்னால் அந்தப் பனைகளை மறுபடி நிற்கவைத்தேன். கிணற்றுப் பக்கம் நின்றது அவள், மற்றது நான். நடுவிலிருந்த வெற்று வானம் எங்கள் மௌனம். என் மரம் லேசாக அவள் பக்கம் சாய்ந்திருந்தது. அது என் பெருந்தன்மை. இரண்டிலும் நுங்குக் குலைகள், உடன்பிறப்பின் இனிமைக்காக. இதையெல்லாம் விளக்கும் வாக்கியங்களைப் பேருந்திலேயே தயார்செய்துகொண்டேன்.

ஃபாதர் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனதும் அமலா படத்தைப் பிரித்து வெகுநேரம் பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்து நான் கைக்குட்டையைத் தேடினேன்.

"இன்னாக்கா இது, ரெண்டுலயும் குலை தொங்குது?"

ஒரு வருடத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் வாக்கியம்.

"ஒண்ணு ஆம்பளப் பனையாச்சே. அதுல என்னைக்காவது காய் பாத்திருக்கியா? வெட்டுனதுக்கு மட்டும் அந்தக் குதி குதிச்சே!"

"அது ஒரு உருவகம்," என்றேன்.

"உருவகத்துல நுங்கு வருமா?" என்றார் பெலிக்ஸ். பந்தியே சிரித்தது. அமலாவும்தான்.

"இப்பிடியே மாட்டுனா மானம் போயிடும். எடுத்துனு போயி ஒண்ணுல அழிச்சிட்டு ஞாயித்துக்கிழமை வா."

எதில் அழிப்பது? அவள் மரத்தில் கைவைத்தால் வன்மம் போலிருக்கும். என் மரத்தின் குலைகளையே அழித்தேன். என் தியாகத்தை நினைத்துக் கொஞ்சம் அழக்கூடச் செய்தேன்.

ஞாயிறன்று வாசலிலேயே படத்தை வாங்கிப் பார்த்தாள்.

"ஆம்பளது கெணத்துப் பக்கம் இருந்துதுக்கா. நீ இந்தப் பக்கம் அழிச்சி வச்சிருக்க."

கிணற்றுப் பக்கம் நின்றது அவள் மரம். அத்தனை அழுகையும் வீண்.

"சரி, அடுத்த ஞாயிறு மாத்தி எடுத்துனு வா. மீன் வாங்கி வைக்கிறேன்." மறுபடி படத்தைப் பார்த்தாள். "ஆமா, இது ஏன் சாஞ்சி நிக்குது?"

பேருந்தில் தயார்செய்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது.

"காத்து," என்றேன்.

"அது சரி. உள்ள வா, சோறு ஆறுது."